எழுத ஆள் தேவை: இணைய விளம்பரத்தை நம்ப முன் கணக்குப் பாருங்கள்

"வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதியுங்கள். அனுபவம் தேவையில்லை. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். மாதம் 500 டொலர் வரை வருமானம். சில இடங்களே மீதமுள்ளன. இன்றே விண்ணப்பியுங்கள்."

இப்படியொரு விளம்பரம் பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுமத்திலோ உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கடை வேலைக்கிடையில் நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் உங்கள் மகனோ, பட்டப்படிப்பை முடித்து நல்ல ஆங்கிலம் தெரிந்த உங்கள் மகளோ அதை நிச்சயம் வாசித்திருப்பார்கள். வெளியே போகாமல், யாரிடமும் கைகட்டி நிற்காமல், படித்த படிப்பைக் கொண்டே நாலு காசு சம்பாதிக்கலாம் என்பது யாருக்குத்தான் ஆசையாக இருக்காது?

வியாபாரப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்க வேண்டாம். மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, பிள்ளை ஏமாந்தால் போவது பெரும்பாலும் வாப்பாவின் கல்லாப்பெட்டிப் பணம். இரண்டாவது, இந்த ஏமாற்றுக்களில் சில, கடையின் வங்கிக் கணக்கு வரை வந்துவிடுகின்றன. மூன்றாவது காரணமே முக்கியமானது. எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவது ஓர் உத்தியோகம் அல்ல, அது வியாபாரம். எழுதுபவர் விற்பவர், விளம்பரம் போட்டவர் வாங்குபவர். ஆனால் நம் பிள்ளைகள் வேலை கேட்டு விண்ணப்பிப்பவரைப் போலப் பணிந்து போகிறார்கள். சரக்கு வைத்திருப்பவன் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்விகள் நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுக்கக் கூடியவர்கள் நாம்தான்.

உண்மையான சந்தையும் இருக்கிறது

இணையத்தில் வரும் எழுத்து வேலைகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. பொருள் விற்கும் ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் விபரக் குறிப்பு தேவை. ஹோட்டலுக்கு அறிமுகம் தேவை. கம்பனிக்குச் செய்தி மடல் தேவை. இவற்றை எழுதுவதற்கு நிரந்தர ஊழியரை வைத்துக்கொள்ளாமல் வெளியாளிடம் கொடுப்பது பல நாடுகளில் வழமையாகிவிட்டது. இப்படி வேலை செய்பவரைத்தான் 'பிரீலான்ஸ்' அல்லது சுயாதீன எழுத்தாளர் என்கிறோம்.

இவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்து வைக்கும் சந்தைகளும் உண்டு. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு நிறுவனங்கள் ஒன்றிணைந்து 2015ஆம் ஆண்டில் 'அப்வேர்க்' என்ற பெயரைப் பெற்றன. 2009இல் அவுஸ்திரேலியாவில் 'பிரீலான்சர்' ஆரம்பமானது. 2010இல் இஸ்ரேலில் 'பைவர்' ஆரம்பமானது. இவற்றினூடாக நேர்மையாக உழைக்கும் இலங்கையர்கள் இருக்கிறார்கள். நல்ல சரக்குக்குக் கேள்வி இருக்கும் சந்தையில்தான் கலப்படமும் வரும் என்பது நாம் அறிந்த விடயம்.

இந்தச் சந்தையை நான் பார்த்தது வாங்குபவனாக. எனது கடையின் வீட்டுப் பாவனைப் பொருட்களை இணையத்தில் போடுவதற்கு ஆங்கில விபரக் குறிப்புகள் தேவைப்பட்டன. நாற்பது பொருட்கள். ஆள் தேவை என்று ஒரு சிறிய அறிவித்தல் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். அவர்களில் பலர் நான் கேட்காமலேயே, "உங்கள் பொருளொன்றுக்கு இலவசமாக எழுதிக் காட்டுகிறேன்" என்று சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு பொருளைக் கொடுத்திருந்தால் சதமும் செலவில்லாமல் என் வேலை அநேகமாக முடிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அதை எவ்வளவு சுலபமாகச் செய்யலாம் என்பது அன்றுதான் விளங்கியது.

சாம்பிள் என்ற பெயரில் சரக்கு

முதலாவது தந்திரம் இதுதான். விளம்பரத்தில், "தெரிவு செய்யப்படுவதற்கு 500 சொற்களில் ஒரு மாதிரிக் கட்டுரை அனுப்பவும்" என்று இருக்கும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். தேயிலை வாங்குபவர் சாம்பிள் பார்க்காமல் வாங்குவதில்லையே!

ஆனால் சாம்பிள் என்பது ஒரு பிடி. மூட்டையல்ல. நாற்பது பேர் ஆளுக்கு 500 சொற்கள் அனுப்பினால் 20,000 சொற்கள். அது ஒரு சிறிய புத்தகத்துக்குப் போதுமான அளவு. விளம்பரம் போட்டவர் பிறகு யாருக்கும் பதில் எழுத மாட்டார். எழுதினாலும், "உங்கள் தரம் போதவில்லை" என்று ஒரு வரி. சில வாரங்களில் அதே கட்டுரை வேறு பெயரில் எங்கோ ஓர் இணையத்தளத்தில் வெளிவந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையாகத் திறமையைச் சோதிப்பவர் எல்லோருக்கும் ஒரே தலைப்பைக் கொடுப்பார். அப்போதுதான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடலாம். ஆளுக்கொரு தலைப்பைக் கொடுத்து, "இந்தச் சொற்கள் கட்டாயம் வர வேண்டும், இத்தனை உபதலைப்புகள் வேண்டும்" என்று கேட்பவர் சோதிக்கவில்லை, சரக்குச் சேர்க்கிறார். முன்பு எழுதி வெளியான ஒன்றை அனுப்புவதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. புதிதாகத்தான் வேண்டும் என்றால், சிறியதொரு தொகையாவது தரச் சொல்லிக் கேட்கலாம். நேர்மையானவர்களில் பலர் சோதனைக் கட்டுரைக்கும் காசு கொடுக்கிறார்கள்.

எழுதிய ஆக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் உருவான மாத்திரத்திலேயே பாதுகாப்புப் பெறுகிறது. அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் பெயரும் ஊரும் தெரியாத ஒருவருக்கெதிராக, அதுவும் ஐந்து டொலர் கட்டுரைக்காக, யார் வழக்குப் பேசுவது? முகம் தெரியாதவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த கதைதான்.

'வரை' என்ற ஒரு சொல்

"மாதம் 500 டொலர் வரை" என்ற விளம்பரத்தில் கனமான சொல் 500 அல்ல, 'வரை' என்பதே. ஐந்து டொலர் கொடுத்தாலும் அந்த விளம்பரம் பொய்யாகாது.

கணக்குப் பார்ப்போம். ஆயிரம் சொற்கொண்ட ஒரு கட்டுரைக்கு 3 டொலர் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடயத்தைத் தேடி வாசித்து, எழுதி, திருத்தி அனுப்புவதற்குப் பழகிய ஒருவருக்கே மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அப்படியானால் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர். வேலை பைவர் ஊடாக வந்தால் அந்த நிறுவனம் எழுதுபவரின் வருமானத்தில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். மிஞ்சுவது 2 டொலர் 40 சதம். இந்த விலையில் 500 டொலர் உழைக்க வேண்டுமானால் மாதத்துக்கு 209 கட்டுரைகள் எழுத வேண்டும். அதாவது நாளொன்றுக்கு ஏழு கட்டுரைகள், இருபத்தொரு மணித்தியால வேலை. உறக்கம், உணவு, தொழுகை எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது மூன்று மணித்தியாலம்! 'இரண்டு மணித்தியாலம் போதும்' என்ற விளம்பரம் எங்கே, இந்தக் கணக்கு எங்கே?

இதிலே மின்சாரம், இணையக் கட்டணம், பணத்தை இங்கே கொண்டுவரும் செலவு, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும் கட்டுரைகளுக்குப் போகும் நேரம் எதையும் நான் சேர்க்கவில்லை. கொள்முதல் விலையையும் கூலியையும் பார்க்காமல் விற்பனை விலையை மட்டும் பார்க்கும் வியாபாரி எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு சாதாரணக் கட்டுரையைக் கணினியே சில நொடிகளில் எழுதித் தருகிறது. இலேசான எழுத்துக்குரிய விலை உயருவதற்கு இனிக் காரணமில்லை. விடயஞானமும் அனுபவமும் உள்ளவர்களுக்கு இன்னும் இடமிருக்கிறது. ஆனால், 'அனுபவம் தேவையில்லை, சம்பளமோ அதிகம்' என்று ஒரே விளம்பரத்தில் இரண்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் தரச் சரக்கின் விலையைக் கழிவுச் சரக்குக்கு யாரும் கொடுப்பதில்லை.

இலாபத்தில் பங்கு தருகிறோம்

மூன்றாவது வகை விளம்பரம் சம்பளம் பற்றிப் பேசாது. "உங்கள் பெயர் உலகெங்கும் தெரியவரும். விளம்பர வருமானத்தில் பங்கு தருகிறோம்" என்று சொல்லும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 2000களின் நடுப்பகுதியில் இதுவே பெரிய வியாபாரமாக வளர்ந்தது. 2006இல் ஆரம்பித்த 'டிமாண்ட் மீடியா' என்ற கம்பனி, மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தலைப்புகளில் கட்டுரைகளை எழுதுவித்தது. கட்டுரையொன்றுக்குச் சுமார் 15 டொலர் கொடுத்தது. அந்தக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தது. 2011 ஜனவரியில் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் பெறுமதி, நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக் கம்பனியின் பெறுமதியைவிட அதிகமாக இருந்தது. அடுத்த மாதமே கூகுள் தனது தேடல் முறையை மாற்றி, தரம் குறைந்த கட்டுரைகளைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. அந்த வியாபாரம் சரிந்தது.

'அசோசியேட்டட் கொன்டென்ட்' என்ற மற்றொரு நிறுவனம், கட்டுரையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிப் பணம் கொடுத்தது. ஆயிரம் பேர் பார்த்தால் ஒன்று, இரண்டு டொலர் அளவில்தான் கிடைத்தது. இருநூறு பேர் பார்த்த கட்டுரைக்குச் சில சதங்களே வரும். 2010இல் அதை யாஹூ வாங்கியது. 2014இல் மூடிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் எழுதியவை தளத்தோடு மறைந்துபோயின.

இவை மோசடிக் கம்பனிகள் அல்ல. சொன்னதைக் கொடுத்தவைதான். ஆனால் பங்கு என்றால் என்ன என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பங்காளிக்குக் கணக்குக் கொப்பியைப் பார்க்கும் உரிமை இருக்க வேண்டும். இங்கே எத்தனை பேர் பார்த்தார்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு வந்தது என்பதெல்லாம் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே தெரியும். உழைப்பு முழுவதையும் முன்கூட்டியே போடுபவர் எழுதுபவர். நட்டம் வந்தால் அதைச் சுமப்பவரும் அவரே. இன்று இதே வாக்குறுதியை வைத்துக்கொண்டு பெயர் தெரியாத சிறு தளங்கள் விளம்பரம் போடுகின்றன. அவற்றில் பல, சொன்ன அந்தச் சில சதங்களைக்கூடக் கொடுப்பதில்லை.

முதலில் நீங்கள் கட்டுங்கள்

நான்காவது வகை நேரடியான ஏமாற்று. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், வேலைப் பட்டியல் கட்டணம் என்று பெயர்கள் பல. கட்டினால், எவரும் சும்மா பார்க்கக்கூடிய விளம்பரங்களின் பட்டியலொன்று மின்னஞ்சலில் வரும். அல்லது ஒன்றுமே வராது. 'இன்னும் மூவரைச் சேர்த்துவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்' என்று சொன்னால் அது எழுத்து வேலையே அல்ல, பிரமிட் திட்டம். எமது நாட்டு வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்டது. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

இதன் இன்னொரு வடிவம் தட்டச்சு வேலை. இந்தியாவில் பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். படமாக அனுப்பும் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சுச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓர் ஒப்பந்தத்தில் மட்டும் கையொப்பம் வாங்குவார்கள். பிழை இத்தனை சதவீதத்துக்கு மேல் இருந்தால் சம்பளம் இல்லை, நட்டஈடு கட்ட வேண்டும் என்று அதிலே சிறிய எழுத்தில் இருக்கும். வேலையை முடித்துக் கொடுத்ததும், 'பிழை அதிகம்' என்று ஒரு கடிதம் வரும். அதன் பின் சட்டத்தரணி என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லிக்கொண்டு மிரட்டல் அழைப்புகள். பயந்து பணம் கட்டுபவர்களே அவர்களுடைய வருமானம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அப்வேர்க் போன்ற உண்மையான சந்தைகளிலும் சில கட்டணங்கள் உண்டு. விண்ணப்பம் அனுப்புவதற்கான 'கனெக்ட்ஸ்' எனப்படும் புள்ளிகளைச் சிறிய தொகைக்கு வாங்க வேண்டி வரும். பிரீலான்சர் தளத்தில் வேலையை ஏற்றுக்கொண்டவுடனேயே, பணம் கைக்கு வர முன்னரே, கட்டணம் கழிக்கப்படும். இவை சந்தைக்குக் கொடுக்கும் வாடகை போன்றவை. சந்தைக்கு வாடகை கொடுப்பது வேறு, சரக்கை வாங்க வந்தவருக்கே நாம் காசு கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு விளங்க வைத்தால் பாதி ஏமாற்று அங்கேயே முடிந்துவிடும்.

யாருக்காக எழுதுகிறோம்?

சில விளம்பரங்களில் சம்பளம் உண்மையாகவே கிடைக்கும். மறைக்கப்படுவது வேலையின் தன்மை.

'கல்விசார் எழுத்தாளர் தேவை' என்ற விளம்பரம் பல சமயங்களில், வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தாம் எழுதியதாகச் சமர்ப்பிக்கும் கட்டுரைகளை எழுதிக் கொடுக்கும் வேலை. ஆய்வுக்கு உதவி, மாதிரி விடை என்று சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள். இந்தச் சேவையைக் காசுக்கு வழங்குவதை அவுஸ்திரேலியா 2020ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் இங்கிலாந்து 2022ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் தடைசெய்துவிட்டன. கொடுப்பவர் சொன்ன பணத்தைத் தராவிட்டால், எழுதியவர் யாரிடம் போய் முறையிடுவது? இரகசியமாகச் செய்த வேலைக்கு இரகசியமாகவே நட்டமும் வரும்.

'ஹோட்டல் விமர்சனம் எழுதுங்கள்' என்ற வேலையும் அப்படித்தான். தங்காத ஹோட்டலையும் பாவிக்காத பொருளையும் புகழ்ந்து எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அமெரிக்காவில் போலி விமர்சனங்களை வாங்குவதற்கும் விற்பதற்கும் எதிரான விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தராசில் கள்ளப்படி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடைக் கணக்கு வரை வரும் ஆபத்து

இதுவரை சொன்னவற்றில் போவது உழைப்பும் சிறு தொகையுமே. இனிச் சொல்லப்போவதில் வீடும் கடையும் சேர்ந்து ஆடும்.

வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். இரண்டு வரி விமர்சனம் எழுதினால் இத்தனை ரூபா என்று இருக்கும். எழுதினால் சொன்னபடி பணமும் வரும். பிறகு டெலிகிராம் குழுமத்தில் சேர்ப்பார்கள். அங்கே பெரிய 'டாஸ்க்' எடுப்பதற்குச் சிறிய தொகை வைப்புச் செய்யச் சொல்வார்கள். அதுவும் கூடுதலாகத் திரும்பி வரும். அடுத்தது இன்னும் பெரிய தொகை. திரையிலே இலாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், 'வரி கட்டுங்கள், கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டுங்கள்' என்பார்கள். முதலில் கொடுத்த காசு தூண்டிலில் குத்திய புழு.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. இந்த 'டாஸ்க்' மோசடி பற்றி 2023இல் சுமார் 5,000 முறைப்பாடுகளும், 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 20,000 முறைப்பாடுகளும் அதற்குக் கிடைத்தன. அந்த ஆறு மாதங்களில் எல்லா வகை வேலை மோசடிகளிலும் மக்கள் இழந்ததாக முறையிட்ட தொகை 220 மில்லியன் டொலருக்கு மேல். வெட்கத்தினால் முறையிடாமல் விட்டவர்கள் இதில் அடங்கமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. 'மற்ற எழுத்தாளர்களின் சம்பளத்தை உங்கள் கணக்குக்கு அனுப்புகிறோம், உங்கள் கொமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குகளுக்கு மாற்றுங்கள்' என்பார்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு இல்லாவிட்டால் வாப்பாவின் கடைக் கணக்கின் இலக்கத்தைக் கொடுத்துவிடும். வந்து சேர்வது வேறு யாரிடமோ மோசடி செய்த பணம். இழந்தவர் முறைப்பாடு செய்தால், பொலிஸார் முதலில் வந்து நிற்பது பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் சொந்தக்காரரிடம்தான். 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டமும், நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கின்றன. கணக்கு முடக்கப்பட்டால் கொடுத்த காசோலைகள் திரும்பும். சரக்குக் கொடுத்தவர் கதவைத் தட்டுவார். இருபது, முப்பது வருடமாகச் சேர்த்த நாணயம் ஒரே வாரத்தில் கேள்விக்குறியாகிவிடும்.

கடைசியாக, 'தாய்லாந்தில் கணினி வேலை, தட்டச்சு வேலை, விமானச் சீட்டு இலவசம்' என்ற விளம்பரங்கள். இவற்றை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடி பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே மற்றவர்களை ஏமாற்றும் செய்திகளை எழுதும்படி அடித்து வற்புறுத்தப்பட்டார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இப்படிப் பலவந்தப்படுத்தப்படலாம் என ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. உங்கள் பிள்ளைக்கு வரும் மோசடிச் செய்தியை எழுதியவரும் இன்னொரு வீட்டின் பிள்ளையாக இருக்கலாம்.

ஐந்து கேள்விகள்

எந்த விளம்பரமாக இருந்தாலும் பின்வரும் ஐந்தையும் கேட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1. வாங்குபவர் யார்? நிறுவனத்தின் பெயர், முகவரி, சொந்த மின்னஞ்சல் இருக்கிறதா? பிரபலமான கம்பனியின் பெயரைச் சொன்னால், அந்தக் கம்பனியின் சொந்த இணையத்தளத்துக்குப் போய் அங்கே இந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டுக் கம்பனியானால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம்.

2. விலை என்ன? சொல்லுக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதித் தரவேண்டும். 'வரை' ஏற்றுக்கொள்ளப்படாது.

3. பணம் எங்கே இருக்கிறது? அப்வேர்க்கில் நிலையான விலைக்குச் செய்யும் வேலையானால், வாங்குபவர் பணத்தை முன்கூட்டியே தளத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலையைச் சமர்ப்பித்து 14 நாட்களுக்குள் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் எழுதியவருக்கு விடுவிக்கப்படும். இது நடுவர் கையில் பணத்தை வைத்து வியாபாரம் பேசுவது போல. 'தளத்துக்கு வெளியே டெலிகிராமில் பேசுவோம்' என்று அழைப்பவர் இந்தப் பாதுகாப்பிலிருந்து பிள்ளையை வெளியே இழுக்கிறார்.

4. பணம் எந்தப் பக்கம் போகிறது? விற்பவர் வாங்குபவருக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. மற்றவர் பணம் நம் கணக்கினூடாகப் போகவும் கூடாது.

5. எழுதுவது எதற்குப் பயன்படும்? பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். பணம் போன சில மணித்தியாலத்துக்குள் சொன்னால் தடுத்து நிறுத்துவதற்கு ஓரளவு வாய்ப்பு இருக்கும். செய்திகள், இலக்கங்கள், பற்றுச்சீட்டுகள் எதையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு செய்யுங்கள். வெளிநாட்டு வேலையானால் போகுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் முகவரின் அனுமதிப்பத்திரத்தைச் சரிபாருங்கள். விசிட் விசாவில் அனுப்புகிறோம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த நாட்களில்தான் சிறு தொகை பெருந்தொகையாகிறது.

நாம் ஆள் தேடும்போது

இறுதியாக நமக்கும் ஒரு வார்த்தை. இன்று நமது கடைகளுக்கும் பேஸ்புக் பக்கம் இருக்கிறது. துண்டுப்பிரசுரம், பொருள் விபரம், விளம்பர வாசகம் எழுத நாமும் ஆள் தேடுகிறோம். 'சும்மா ஒன்று எழுதித் தாருங்கள் பார்ப்போம், பிடித்தால் தொடர்ந்து தருகிறோம்' என்று எத்தனை பேரிடம் சொல்கிறோம்? எழுதித் தந்ததைப் பாவித்துவிட்டு, 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று எத்தனை பேரை நடக்க வைக்கிறோம்? லொறியில் வந்த சரக்கை இறக்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் அனுப்ப நம் மனம் ஒப்பாது. எழுத்து பாரமில்லாமல் வருவதால் அது கூலியில்லாமல் வந்ததாகிவிடாது.

எனது நாற்பது பொருட்களுக்கு இருவரைத் தெரிவு செய்தேன். இருவருக்கும் ஒரே பொருளைக் கொடுத்து, அதற்குக் காசும் கொடுத்து, எழுதிய விதத்தைப் பார்த்து ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். விலை, நாள், எத்தனை முறை திருத்தம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டோம். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

நமது ஊர்களில் ஆங்கிலமும் தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்கு நியாயமான விலையில் எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால், முகம் தெரியாதவனின் 500 டொலர் விளம்பரத்தை எடைபோட அந்தப் பிள்ளைக்கு ஒரு படிக்கல் கையில் இருக்கும். அதைக் கொடுக்க நம்மால் முடியும்.